நாங்கள் தாண்டிப் போன வீடு

அம்மணி,

நீ இதைப் படிக்கும்போது கெய்ரோ போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வயலின் பெட்டியைத் திறந்திருப்பாய். முதலில் வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் கட்டியைத்தான் தேடுவாய் என்று தெரியும். அதனால்தான் இந்தக் காகிதத்தை அதற்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் பீளமேட்டு விமான நிலையத்துக்கு வண்டியை நான்தான் ஓட்டப்போகிறேன். டாக்ஸி சொல்லியிருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் வழியில் நான் என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியாதா? பாஸ்போர்ட் எடுத்தாயா, மாத்திரை எடுத்தாயா, சார்ஜர் எங்கே. இத்தனை வருஷமாக உன்னிடம் நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் சாமான் பட்டியல்தான். முக்கியமானது எதுவோ அதை விட்டுவிடுவேன். இருபது பேரைப் பாட வைக்கிற கொயர் மாஸ்டருக்கு இது வெட்கக்கேடுதான்.

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கணபதி பக்கம் இருக்கும் நம் மோட்டார் வைண்டிங் பட்டறைக்கு வந்து திறந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து லேத் பட்டறைகளும் மூடிக் கிடப்பதால் தெருவே அமைதியாக இருக்கிறது. எதிரே வைண்டிங் கழற்றிய பம்ப்செட் மோட்டார் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. நீ போகக் கூடாது என்று நான் சொல்லி இன்றோடு மூன்று வாரம். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் உன் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். “அவகிட்டச் சொல்லு”, “அப்பாகிட்டச் சொல்லுங்கம்மா” என்று ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தபால்காரி ஆக்கிவிட்டோம். உன்னை மனநிறைவோடு அனுப்பாமல் விட்டுவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஒன்பது வயதில் நடந்ததை நீ அன்றைக்குச் சொல்லிக் காட்டினாய் அல்லவா, அதிலிருந்தே தொடங்குகிறேன். டிசம்பர் மாதம் நம் கொயர் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகும். சாவு நடந்த வீட்டை மட்டும் அந்த வருஷம் விட்டுவிடுவோம். துக்கத்தில் இருப்பவர்கள் வாசலில் போய்க் கிட்டாரும் டிரம்ஸுமாக நிற்பது மரியாதை இல்லை என்பது நம் வழக்கம். அந்த வருஷம் நம் கொயரிலேயே பாடும் ரோஸி அக்காவின் வீட்டுக்காரர் தவறியிருந்தார். அவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் பாட்டை நிறுத்தி, டிரம்ஸைத் துண்டால் மூடி, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். “ஏனுங்கப்பா, அவிய ஊட்டுக்கு மட்டும் ஏன் போறதில்லை?” என்று கேட்டாய். சும்மா வா என்று அதட்டினேன். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் ரோஸி அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: “ஏனுங்க மாஸ்டர், பாட்டுச் சத்தம் கேட்டு லைட்டெல்லாம் போட்டு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். தாண்டிப் போயிட்டீங்களே. எம்பட ஊட்டுல சாவு வுழுந்தா யேசு பொறக்க மாட்டாருங்களா?” நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். மரியாதை என்று நான் நினைத்தது அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் யாசிர் விஷயத்தில் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

யாசிரை நீ முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உன் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் காலேஜில் படிக்கிறான், சூடான் நாட்டுப் பையன், நன்றாக வாசிப்பான் என்று மட்டும் சொன்னாய். “ஏனுங்க, பாய் கடையிலயே கறி வாங்கிட்டு வந்துருங்க, அப்பத்தான் அந்தத் தம்பி சாப்புடும்” என்று உன் அம்மா என்னைக் காலையிலேயே விரட்டினாள். ஆறடி உயரத்தில் வந்து நின்றவன், “வணக்கமுங்க அங்கிள், நல்லா இருக்கீங்களாங்க” என்றதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நம் ஊர்த் தமிழைப் பேக்கரியிலும் டவுன் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டவன், நம் வீட்டு நாய்க்குக்கூட ‘ங்க’ போட்டான். உன் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாமா, அந்தப் பையனுக்கும் இவளுக்கும் ஏதாச்சுங்களா?” என்று கேட்டதும், “அவன் இவளை அக்கான்னு கூப்புடறான், நீ போய் ரசத்தைப் பாரு” என்று நான் அனுப்பியதும் உனக்குத் தெரியாது.

அவன் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வாத்தியம்தான் என்னை இழுத்தது. ஊத் என்றான். வீணைக்குத் தம்பி மாதிரி, உருண்ட வயிறும் பின்னால் மடங்கின கழுத்தும். கனத்த சத்தம் தரும் அடி நரம்பு அறுந்துபோய் ஏழு மாதமாக அது இல்லாமலேயே வாசித்துக்கொண்டிருந்தான். கோயமுத்தூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வரவழைக்கலாம் என்றால் அங்கே சண்டை. அறுந்ததை வாங்கிப் பார்த்தேன். உள்ளே நைலான், மேலே மெல்லிசான செம்புக் கம்பிச் சுற்று. “அட, இது நம்ம வேலைதானே” என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவனுக்கு ஒரு நரம்பு சுற்றத் தெரியாதா? உக்கடத்தில் தூண்டில் நரம்பு வாங்கி, ஃபேன் மோட்டாருக்குச் சுற்றும் கம்பியில் மேல்பூச்சான இனாமலைச் சுரண்டி எடுத்துவிட்டு, வைண்டிங் மெஷினில் ஓட்டினேன். முதல் இரண்டும் அறுந்தன. மூன்றாவது சத்தமே இல்லாமல் பொத்தென்று கிடந்தது. நாலாவதை மாட்டி அவன் மீட்டியபோது இந்தப் பட்டறையில் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அந்த ஒரு நரம்பையே மீட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் பிறந்ததுதான் ஆலயத்து ஹாலில் நாம் வைத்த அமைதிக்கான பாட்டுக் கூட்டம். யோசனை என்னுடையது, கெடுத்ததும் நான்தான். யாசிரை என்ன பாடப்போகிறாய் என்று கேட்டேன். “அங்கிள், என் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. எங்கம்மா பாடற கல்யாணப் பாட்டு ஒண்ணு இருக்குதுங்க, அதைப் பாடட்டுங்களா?” என்றான். சண்டை நடக்கிற நாட்டுக்காக வைக்கிற கூட்டத்தில் கும்மாளப் பாட்டா என்று தட்டிவிட்டேன். சோகமாக ஏதாவது பாடு, கேட்கிறவர்கள் மனசு உருக வேண்டாமா என்றேன். அவன் சரிங்க என்றான். நீ அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிட்டேன்.

கூட்டத்தன்று நான் மைக்கைப் பிடித்துச் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது: “இந்தத் தம்பி ஊரு, ஊடு, உறவு எல்லாத்தையும் இழந்துட்டு நம்ம முன்னாடி உக்காந்திருக்கார்.” அவனுக்கு அம்மா இருந்தார், தங்கச்சி இருந்தாள், மாமா இருந்தார். வீடு மட்டும்தான் போயிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தே, கூட்டம் உருகட்டும் என்று கூட்டிச் சொன்னேன். சண்டைக்குத் தப்பிக் கெய்ரோவில் தங்கியிருக்கும் அவன் அம்மா முன்வரிசையில் இருந்த போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததும், பக்கத்தில் இருந்த, தமிழ் புரிகிற அவன் நாட்டுச் சிநேகிதன் நான் சொல்லச் சொல்ல அரபியில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது. உறவு எல்லாம் போய்விட்டது என்று படித்த அந்தத் தாய், தனக்குத் தெரியாத ஏதோ செய்தி மகனுக்கு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். ஊரிலேயே தங்கிவிட்ட தன் தம்பிதான், யாசிரின் மாமாதான், போய்விட்டார் என்று முடிவு செய்து அழுதிருக்கிறார். அவர் இருக்கும் பக்கம் போன் லைனே கிடையாது. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிய மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. போரில் தப்பி வந்த ஒரு குடும்பத்தை, அமைதிக்குப் பாடுகிறேன் என்று சொல்லி, ஒரு நாள் பூராவும் அழ வைத்தவன் உன் அப்பன்.

மறுநாள் சாயங்காலம் அவன் அறைக்குப் போய் நின்றேன். மாடிப்படி ஏறும்போது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன், கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது. “தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு” என்றேன். அவன் நாற்காலியில் இருந்த துணியை எடுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்தான். “பரவாயில்லீங்க அங்கிள். மாமா நல்லா இருக்காருங்க. எங்கம்மாதான் கோவமா இருக்காங்க” என்று சிரித்தான். என்ன கோபம் என்று கேட்டேன். “எங்க ஊரைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் சாவை மட்டும்தான் பேசறாங்களாம். என் மகளுக்குக் கல்யாணம் வருதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களாம்.” அந்த நிமிஷம் எனக்கு ரோஸி அக்கா லைட் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, அந்தக் கல்யாணப் பாட்டை எங்கள் கொயருக்குச் சொல்லிக் கொடுப்பாயா என்று கேட்டேன்.

அது பெண்கள் பாடுகிற பாட்டு. அடிக்கு ஒரு பெயர். பெரிய அத்தை வந்துவிட்டாள், சின்ன அத்தை வந்துவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள் என்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, கூப்பிடப்பட்டவள் நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுக்க வேண்டும். ஆனால் யாசிரின் அத்தைகள் மூன்று நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். பெயர் கூப்பிட்டால் பதில் கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் அவன் அம்மாவுக்குப் பெரிய கவலை. இதைக் கேட்டதும் உன் அம்மா, “அதுக்கென்ன, ஆளுக்கு ஒரு அத்தையை நாங்க எடுத்துக்கறோம்” என்றாள். எங்கிருந்து அவளுக்கு அந்த யோசனை வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஆறு பெண்கள், ஆறு அத்தைகள். தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டிய எழுத்துகளைச் சொல்லிச் சொல்லி, மீன் முள் சிக்கின மாதிரி இருக்குதுங்க என்று ரோஸி அக்கா தண்ணீர் தண்ணீராகக் குடித்தார். ஆனால் அந்த நாக்குச் சத்தத்தை யாசிர் செய்து காட்டியதும், “இதுதானாக்கும்?” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு குலவை விட்டார் பார், ஹால் அதிர்ந்தது. தெற்கத்திப் பெண், மில் வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். இருபது வருஷமாக நம் கொயரில் இருக்கிறார், அவருக்குக் குலவை விடத் தெரியும் என்று நமக்கே தெரியாது. யாசிர் வாயடைத்துப் போய், “ஆன்ட்டி, நீங்க எங்க ஊருங்களா?” என்றான்.

கெய்ரோவில் மருதாணி வைக்கிற நாள், அங்கே மத்தியானம், நமக்குச் சாயங்காலம். ஹாலில் நீ வயலின், அவன் ஊத், தாளம் தட்ட ரோஸி அக்கா மடியில் தண்ணீர்க் குடம். அங்கிருந்து போனில் அவன் அம்மா ஒவ்வொரு அத்தையாகப் பெயர் கூப்பிட, இங்கே நம் பெண்கள் குலவை விட்டார்கள். ஆறும் முடிந்தது. பாட்டு அத்தோடு முடிய வேண்டியது, ஆனால் அந்த அம்மா நிறுத்தவில்லை. யாசிரிடம் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே மெட்டில் ரோஸி வந்துவிட்டாள் என்று பாடினார். பிறகு உன் அம்மா பெயர். பிறகு உன் பெயர். உன் அம்மா அழுதுகொண்டே குலவை விட்டதில் அது பாதி விக்கலாகத்தான் வந்தது. கடைசியாக, நரம்பு சுற்றிக் கொடுத்தவர் பெயர் என்ன என்று அந்த அம்மா கேட்டார். யாசிர் அதைத் தமிழில் சொன்னதுமே நான் நழுவிவிட்டேன். வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டிருந்தேன். ஏதோ போன் வந்தது என்று உங்களிடம் பொய் சொன்னேன். அந்தத் தாயின் வாயால் என் பெயரைக் கேட்க எனக்கு முகம் இல்லை, அம்மணி. அதுதான் உண்மை.

அந்த அம்மாதான் பிறகு உன்னிடம் அந்தப் பள்ளியைப் பற்றிச் சொன்னது. ஊரை விட்டு வந்த பிள்ளைகள் கெய்ரோவில் ஒரு மூன்றாம் மாடியில் கூடிப் பாட்டுக் கற்கிறார்கள், வயலின் நாலு இருக்கிறது, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று. ஒரு வருஷம் போய் வருகிறேன் என்று நீ வேலையை விட்டு வந்து நின்றபோது, “சண்டை நடக்கற பக்கமெல்லாம் பொம்பளைப் புள்ளையை அனுப்ப மாட்டேன்” என்று கத்தினேன். கெய்ரோவில் சண்டை இல்லையே என்று நீ பொறுமையாகத்தான் சொன்னாய். சண்டையில் அடிபட்டு வந்த கூட்டத்துக்கு நடுவில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். அப்போதுதான் நீ சொன்னாய்: “அப்பா, அந்த ஊட்டை நீங்க திரும்பவும் தாண்டிப் போறீங்க.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். மூன்று வாரம் நான் பேசாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் என்று நினைத்திருப்பாய். பாதி கோபம்தான். மீதி, நீ சொன்னது சரி என்று தெரிந்துபோன ஆத்திரம்.

போய் வா கண்ணு. முழு மனசோடு சொல்கிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதே, அது போகாது. தினமும் செய்தியில் அந்தப் பக்கத்துப் பெயர் எது வந்தாலும் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து உட்காரத்தான் போகிறேன். நீ அழைக்கும்போது அந்தப் பயத்தை உன் தலையில் கொட்டாமல் இருக்க முயற்சி செய்கிறேன். நாம் பாடுவதால் ஒரு குண்டும் நிற்காது. அந்தக் கூட்டத்தில் நான் பேசின பேச்சைக் கேட்டவர்கள், பாடியே போரை நிறுத்திவிடுவேன் என்று நான் நினைப்பதாக எண்ணியிருப்பார்கள். யாசிரின் ஊரில் இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் அவன் தங்கை கல்யாணத்தில் அத்தைகள் இல்லாத குறை தெரியவில்லை என்று அவன் அம்மா சொன்னாரே, அது கோயமுத்தூரில் ஆறு பெண்கள் தொண்டை கிழியப் பழகியதால் நடந்தது. நம்மால் ஆவது அவ்வளவு. அது சின்ன விஷயம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை குறைவுதான். இருந்தாலும் பட்டவன் என்கிற முறையில் கேட்டுக்கொள். அங்கே வரும் பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று நீயாகக் கேட்காதே. அவர்கள் சொன்னால் கேள். முதலில் வயலினைத் தோளில் வைக்கச் சொல்லிக் கொடு, கழுத்து வலிக்கிறதா என்று கேள், அது போதும். யாராவது கும்மாளப் பாட்டு கேட்டால் அதையே வாசி. உன்னைப் பற்றி நாலு பேர் புகழ்ந்து எழுத வந்தால், அந்தப் பிள்ளைகள் கதையைக் கூட்டிச் சொல்லிவிடாதே. கூட்டிச் சொல்வது நம் குடும்ப வியாதி. பிறகு, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் முகத்தில் காட்டாதே. யாசிர் உன் அம்மாவின் கசப்புச் சுண்டைக்காய்க் குழம்பை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டவன். இனிமேல் ஞாயிறு தோறும் அவன் நம் வீட்டில்தான் சாப்பாடு. உன் தட்டில் அவன் சாப்பிடுவான், அவன் அம்மா கையால் நீ சாப்பிடு.

பெட்டியின் சின்ன அறையில் பேப்பரில் சுற்றி ஆறு நரம்பு வைத்திருக்கிறேன். நேற்று இங்கே உட்கார்ந்து சுற்றியது. எல்லாம் ஊத் அடி நரம்பு. அங்கே யாருக்காவது அறுந்திருக்கும். சுற்றும்போது கம்பியை ரொம்ப இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், கை தளர்ந்தால் சுற்று நிற்காது. முப்பது வருஷமாகக் கைக்குத் தெரிந்தது, மகளை வளர்த்த எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கடைசியாக ஒன்று. யாசிரின் அம்மா உனக்காக அந்தப் பாட்டைப் பாடாமல் இருக்க மாட்டார். நீ அவர் வீட்டுக்குள் காலை வைத்ததும் பாடியிருந்தாலும் இன்னொரு தடவை பாடச் சொல். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் வெளியே போய் நின்ற கேள்விக்கு இப்போது பதில் சொல். நரம்பு சுற்றினவன் பெயர் உனக்குத் தெரியும். உன் பெயருக்குப் பிறகு அதையும் கூப்பிடச் சொல். பெண்கள் பாட்டில் ஆம்பிளை பெயர் வரக்கூடாது என்றால் உன் அப்பா என்றாவது சொல்லட்டும். எனக்குக் குலவை விட வராது, உனக்கும் வராது. நீ உன் வயலினின் அடி நரம்பை ஒரு தடவை வில்லால் இழுத்துவிடு. அவன் வந்துவிட்டான் என்று அந்த அம்மா பாடட்டும்.